பிறந்த குழந்தைக்கு என்ன பாவம்?

யாங்கோனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பி மகனின் ஞானஸ்நானத்துக்குக் கூட வேலை பார்க்கும் பர்மியத் தோழியை அழைத்திருந்தாராம். சாமியார் ஜெபத்தில் "ஜென்மப் பாவத்திலிருந்து இக்குழந்தையை விடுவித்து" என்று சொன்னதை இவர் காதோடு காதாக பர்மிய மொழியில் சொல்லப்போக, தோழிக்கு முகம் மாறிவிட்டது. "நாற்பது நாள் குழந்தை என்ன பாவம் செய்தது? யாரோ எப்போதோ பழம் தின்றதற்கு இதைக் குற்றவாளியாக்குவது என்ன நியாயம்? எங்கள் கர்மத்தில் அவரவர் செய்ததுதான் அவரவருக்கு" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு வாயடைத்துப் போயிற்று. கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல இன்னொரு வரியும் இருக்கிறது: அக்காவின் குழந்தை பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோனது, அதற்கு மோட்சம் கிடையாது என்று பெரியம்மா சொல்லிவிட்டார், அது உண்மையா?

தோழியின் கேள்வியைச் சுருக்கினால், குற்றம் பரம்பரையாக வருமா என்பதுதான். அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது: மனிதனைக் கடவுள் படைத்ததே கோணலாகத்தானா? பல வருடமாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பிள்ளைகளைவிடப் பெற்றோரும், அவர்களைவிட பௌத்த அண்டைவீட்டாரும் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது. நான் கத்தோலிக்கன், மற்ற சபைகளின் நிலையையும் சொல்வேன், ஆனால் நிற்கும் இடம் எது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வரிக்கே முதல் பதில். உங்கள் பெரியம்மா சொன்னது திருச்சபையின் போதனை அல்ல. அவர் அதைத் தானாக உண்டாக்கவும் இல்லை. நம் பாட்டிமார் காலத்து ஞானோபதேசத்தில் 'லிம்போ' என்று ஓர் இடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஞானஸ்நானம் பெறாத சிசுக்கள் வேதனை இல்லாமல், ஆனால் கடவுளைக் காணும் பேறும் இல்லாமல் இருக்கும் இடம் அது. மத்திய கால இறையியலாளர்கள் யோசித்துச் சொன்ன கருத்து. விசுவாசக் கோட்பாடாக அதை ஆயர்கள் கூடிய எந்தப் பொதுச்சங்கமும் வரையறுத்ததில்லை. 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் லிம்போ என்ற பேச்சையே எடுக்கவில்லை. அப்படி இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது, "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்று இயேசு சொன்னதை அங்கே நினைவூட்டுகிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு இதற்கென்றே நீண்ட ஆவணம் வெளியிட்டது. அந்தக் குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. நம்பிக்கை என்றுதான் சொல்கிறது, நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்த அளவோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். அக்காவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1183ஆம் விதி இருக்கிறது: பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குள் இறந்துவிட்ட குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு கிறிஸ்தவ அடக்கச் சடங்கு செய்யலாம். மோட்சம் இல்லையென்று முடிவு கட்டிவிட்ட பிள்ளைக்கு யாராவது அடக்கப் பூசை வைப்பார்களா?

இனி தோழிக்கு. வேதாகமம் மனிதனைப் பற்றிச் சொல்லும் முதல் விஷயம் பாவம் இல்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டிக்கிறார். எல்லாவற்றையும் பார்த்து "அது மிகவும் நன்றாயிருந்தது" என்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் மண்ணை எடுத்து உருவாக்கி நாசியில் ஜீவசுவாசத்தை ஊதுகிறார். மண் அசுத்தம், ஆவி சுத்தம் என்ற பேச்சு அங்கே இல்லை. உடம்பு, பசி, ஆண்-பெண் சேர்க்கை எல்லாம் இருளின் வேலை என்று மானிகேயர் என்றொரு கூட்டத்தார் போதித்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவர்தான், பிற்பாடு ஆயரும் பெரிய இறையியலாளருமான அகுஸ்தீன். தீமை என்பது தனியாக ஒரு பொருள் இல்லை, இருக்கவேண்டிய நன்மை குறைந்துபோவதே தீமை என்று பிறகு அவர் சொன்னது அந்த அனுபவத்திலிருந்து வந்தது. ஆதாம் ஏவாள் கீழ்ப்படியாமல் போனதைச் சொல்லும் மூன்றாம் அதிகாரத்தில்கூட தேவசாயல் பறிபோனதாக வசனம் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு நோவாவிடம் பேசும்போதும் மனிதன் தேவசாயல்தான். அந்த மூன்றாம் அதிகாரத்திலேயே, தோட்டத்தைவிட்டு அனுப்புவதற்கு முன்னால், கடவுள் அந்த இருவருக்கும் தோலினால் உடை செய்து உடுத்துகிறார். இந்த வசனத்தை நம் பிரசங்கிகள் ஏனோ வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள்.

அப்படியானால் ஜென்மப் பாவம் என்பது என்ன? கத்தோலிக்கப் போதனையில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது இது: அது செய்த பாவம் இல்லை, வாங்கிக்கொண்ட நிலை. மறைக்கல்வி நூலின் 404, 405 எண்களில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒப்புமையாகத்தான் அதைப் பாவம் என்கிறோம், ஆதாமின் சந்ததியில் யாருக்கும் அது சொந்தக் குற்றமாக இருப்பதில்லை என்று. கடவுளோடு இருந்த நெருக்கம் முதல் மனிதரிடத்தில் அறுந்தது. அது அறுந்த வீட்டில் நாம் பிறக்கிறோம். மனித சுபாவம் காயப்பட்டிருக்கிறது, அடியோடு கெட்டுப்போகவில்லை.

இது சமாளிப்புக்குச் சொல்வது இல்லை என்பதற்கு அன்று உங்கள் தோழி பார்த்த சடங்கே சாட்சி. வாசலில் சாமியார் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார், பெற்றோரையும் ஞானத்தாய் தகப்பனையும் போடச் சொன்னார். ஜெபத்துக்குப் பிறகு நெஞ்சில் எண்ணெய் பூசினார். பிறகு "பாவத்தை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டது யாரை? பெரியவர்களை. குழந்தையிடம் எதையும் கேட்கவில்லை, அதன் சார்பாக மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, உச்சியில் தைலம் பூசி, வெள்ளைத் துணி போர்த்தி, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியைத் தகப்பன் கையில் கொடுத்தார். பாவசங்கீர்த்தனம் என்பது ஏழு வயதுவாக்கில், புத்தி விவரம் தெரிந்த பிறகுதான். கைக்குழந்தையைக் குற்றவாளி என்று சபை உண்மையிலேயே நினைத்திருந்தால் சடங்கின் அமைப்பே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பர்மாவில் இதைப் புரியவைக்க நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டப்படி மனுக் கொடுக்கவேண்டும் என்று தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் அவர் வயல்வேலையில் விட்டுவிட்டார். 1982இல் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது வீட்டில் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. இன்று பேரனுக்கு முழுக் குடிமகனுக்குரிய ரோஸ் கலர் அட்டை கிடையாது. அதற்குக் கீழ்நிலையான பச்சை அட்டைக்கே நடையாய் நடக்கிறான். பேரன் என்ன தப்புச் செய்தான்? ஒன்றுமில்லை. ஆனால் அவன் இழந்தது நிஜம், பிறக்கும்போதே கூடவே வந்தது, அவன் நல்லவனாக நடந்துகொண்டால் மட்டும் தீராது, வெளியிலிருந்து யாராவது கொடுத்தால்தான் உண்டு. ஜென்மப் பாவத்தில் இந்த நான்கும் இருக்கின்றன. ஓர் இடத்தில் உதாரணம் பொருந்தாது: மறுக்கிற அலுவலகமாகக் கடவுளை நினைத்துவிடக் கூடாது. கிறிஸ்தவக் கதையில் கொடுக்கத் தேடி வருபவர் அவர்தான்.

இதுவரை சொன்னதில் எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒத்துப்போகிறார்கள் என்று தோழியிடம் சொல்லிவிடாதீர்கள். ஒத்துப்போகவில்லை. 400களின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்ற பிரிட்டன் நாட்டுத் துறவி கேட்டது ஏறக்குறைய உங்கள் தோழியின் கேள்விதான். ஆதாமின் செயல் அவனுக்குத்தான் கேடு, நமக்கு அது ஒரு கெட்ட முன்மாதிரி, மனிதன் முயன்றால் பாவமில்லாமல் வாழ முடியும் என்பது அவர் தரப்பு. எதிர்த்து நின்றவர் அகுஸ்தீன். பச்சைக் குழந்தைகளை அவர் கூர்ந்து பார்த்தவர். இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை, அதே முலையில் பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளுத்து, கசப்போடு முறைத்துப் பார்த்ததைத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். குழந்தையின் கைகால் பலவீனம்தான் களங்கமற்றது, மனசு அப்படியில்லை என்கிறார். இரட்டைக் குழந்தை வளர்த்த எந்தத் தாயும் இதை மறுக்கமாட்டாள். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் கருத்தைத் தள்ளினார்கள். 1546இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம், ஆதாமின் பாவம் பார்த்துச் செய்வதால் அல்ல, பிறப்பு வழியாகவே வருகிறது என்று உறுதிசெய்தது. ஆனால் அகுஸ்தீன் சொன்ன எல்லாவற்றையும் சபை ஏற்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத சிசுக்களுக்கு மிக இலேசானதென்றாலும் தண்டனை உண்டு என்றார் அவர்; அந்தக் கடுமையை மத்திய காலத்திலேயே கைவிட்டார்கள். லிம்போ என்ற கருத்தே அவரை மென்மையாக்க வந்ததுதான்.

கிழக்குத் திருச்சபைகள் இந்த வழியில் போகவே இல்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும், குற்றம் அல்ல என்பது அவர்கள் நிலை. ரங்கூன் துறைமுகத்துப் பக்கம் ஆர்மீனியர் கட்டிய பழைய கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கிழக்கத்திய மரபைச் சேர்ந்ததுதான். இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனேயுஸ் என்ற ஆயர், ஆதாமும் ஏவாளும் இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளைகள் போல இருந்தார்கள், அதனால்தான் எளிதில் ஏமாந்தார்கள் என்று எழுதினார். எனக்கு அது மனசுக்குப் பிடித்த வாசிப்பு. மறுபக்கம், லூத்தரன் சபையார் 1530இல் ஆக்ஸ்பர்க்கில் அறிக்கையிட்டபோது, இந்தப் பிறவிக் கோளாறு உண்மையிலேயே பாவம், மறுபடி பிறவாதவர்களை அது தண்டனைக்கு உள்ளாக்குகிறது என்றார்கள். ஆதாமின் குற்றமே சந்ததியின் கணக்கில் எழுதப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்வோர் சீர்திருத்த சபைகளில் உண்டு. உங்கள் தோழியின் ஆட்சேபம் அந்தப் போதனைக்கு நேராகவே பொருந்தும், அதை நான் மழுப்ப விரும்பவில்லை. எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று அடித்துச் சொல்கிறது. அந்த வசனத்தோடு அவர்கள்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய வெஸ்லி ஜென்மப் பாவத்தை முழு அழுத்தத்தோடு பிரசங்கித்தவர். ஆனாலும் ஆதாமின் குற்றத்துக்காக மட்டும் எந்தக் குழந்தையும் நரகத்துக்குப் போகாது, கிறிஸ்துவின் கிருபை முந்திக்கொண்டு எல்லாரையும் தொட்டிருக்கிறது என்றார். பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. இந்த விவாதம் கப்பலிலேயே பர்மாவுக்கு வந்தது என்றுகூடச் சொல்லலாம். பர்மாவுக்கு வந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜட்சன், அமெரிக்காவிலிருந்து புறப்படும்போது குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபையைச் சேர்ந்தவர். பயணத்தில் வேதத்தைத் துருவிப் படித்து மனம் மாறி, 1812இல் கல்கத்தாவில் மனைவியோடு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். ரங்கூனுக்கு அவர் வந்தது அதற்கடுத்த வருடம்.

இந்த நிலை தலைமுறைக்குத் தலைமுறை எப்படிக் கடந்து வருகிறது என்பதில் மட்டும் யாரிடமும் முடிவான பதில் இல்லை. ஆத்துமா பெற்றோரிடமிருந்து வருகிறதா, ஒவ்வொன்றையும் கடவுள் புதிதாகப் படைக்கிறாரா என்பதில் அகுஸ்தீன் கடைசிவரை தீர்மானத்துக்கு வரவில்லை. மறைக்கல்வி நூலும் இதை நம்மால் முழுதும் புரிந்துகொள்ள முடியாத மறைபொருள் என்று சொல்லி விட்டுவிடுகிறது. ஆதாம் என்ற தனி மனிதர் இருந்தாரா என்று இளவட்டங்கள் கேட்பார்கள். மனித இனம் பல முதல் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதை ஜென்மப் பாவப் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்பது தெளிவாக இல்லை என்று 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார். 1996இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் சின்னப்பர் பரிணாமக் கொள்கையை வெறும் ஊகத்துக்கு மேலானது என்று ஒப்புக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே இறையியலாளர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது கர்மம். பதிலடி கொடுப்பதாக நினைத்து அதைத் தாழ்த்திப் பேசாதீர்கள். நம்மில் பலர் அதைத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம். பிறந்த குழந்தை வெற்றுப் பலகை என்று பௌத்தமும் சொல்லவில்லை. பௌத்த வேதத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் மாலுங்கியபுத்தன் என்ற பிக்குவிடம் புத்தர் பேசும் சூத்திரம் ஒன்று உண்டு. மல்லாந்து படுத்திருக்கும் சிசுவுக்கு 'நான்' என்ற எண்ணமே கிடையாது, ஆனாலும் அந்த எண்ணத்தின் அனுசயம், அதாவது உள்ளே படிந்து கிடக்கும் போக்கு, அதனிடம் இருக்கிறது என்கிறார். காம இச்சைக்கும் பகைக்கும் அதே மாதிரிதான். லோப, தோஸ, மோகம் (பேராசை, பகை, மயக்கம்) என்று உங்கள் தோழி சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவற்றின் விதைதான் அது. அகுஸ்தீன் பார்த்த குழந்தையும் புத்தர் சொன்ன குழந்தையும் அவ்வளவு தூரத்தில் இல்லை. குழந்தையிடம் ஏதோ கோணல் இருக்கிறது என்பதில் இரண்டு மரபுக்கும் தகராறு இல்லை. எங்கிருந்து வந்தது என்பதில்தான். அந்தக் குழந்தைக்கே உரிய முன்பிறவித் தொடரிலிருந்து வந்தது என்பார்கள் அவர்கள். மனித குலம் முழுவதும் பங்குபோட்டுக்கொண்ட ஒன்று என்போம் நாம். நியாயக் கணக்கு என்று பார்த்தால் அவர்களுடையது நேராக இருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்த நேர்த்திக்கும் விலை உண்டு. ஊனமாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்து, போன பிறவியில் என்ன செய்ததோ என்று ஊர் பேசுவதை இந்த நாட்டில் நாம் கேட்டிருக்கிறோம், நம் தமிழ்ச் சனங்களும் அதற்குச் சளைத்தவர்கள் இல்லை.

இங்கே இரண்டு ஆசான்களும் அந்த ஊர்ப்பேச்சுக்கு எதிராகப் பேசியிருப்பது எனக்கு ஆச்சரியம். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். சொந்தக் கர்மமா, பரம்பரைக் குற்றமா என்று தோழியும் நீங்களும் போட்ட அதே வாக்குவாதம். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு இயேசு சேற்றைக் குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். இன்னொரு பௌத்தத் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற துறவி, நாம் அனுபவிப்பதெல்லாம் பழைய கர்மத்தால்தானா என்று புத்தரைக் கேட்கிறான். பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாற்றம் என்று காரணங்களை அடுக்கி, எல்லாம் முன்செய்த கர்மமே என்பவர்கள் வரம்பு மீறிப் பேசுகிறார்கள் என்று பதில் வருகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து தோழியோடு பேசிப்பாருங்கள், வாதத்தில் ஜெயிப்பதைவிட உபயோகமாக இருக்கும்.

அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: ஒருவர் தொலைத்தது எல்லாரையும் ஏன் பாதிக்க வேண்டும்? அதற்குத் தோழி வீட்டிலேயே ஒரு வழி திறந்திருக்கிறது. அன்னதானம் முடிந்ததும் கிண்ணத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, மணியடித்து, "அம்யா, அம்யா, அம்யா" என்று தாங்கள் செய்த புண்ணியத்தை எல்லா உயிர்களுக்கும் பங்குவைப்பார்கள். கேட்டவர்கள் "தாது, தாது, தாது" (நன்று, நன்று) என்பார்கள். படித்த பிக்குவிடம் கேட்டால், கேட்பவர் மகிழ்ந்து ஏற்பதே அவருக்குச் சொந்தப் புண்ணியமாகிறது, கைமாறிப் போவதில்லை என்று திருத்துவார். சரிதான், அதையும் மதியுங்கள். நாம் சொல்வது அதற்கு ஒரு படி மேலே போகிறது. கிறிஸ்துவிடம் இருப்பது உண்மையாகவே நமக்குக் கைமாறுகிறது என்கிறோம். மனிதர் ஒருவரோடொருவர் அவ்வளவு தூரம் பிணைக்கப்பட்டவர்கள் என்றால் ஆதாமின் இழப்பும் நம்மைத் தொடத்தான் செய்யும். அந்தப் பிணைப்பை அறுத்துவிட்டால் இரண்டும் போய்விடும். பவுல் ரோமர் 5இல் வைக்கும் வாதம் இதுதான். ஆதாமைப் பற்றிய 12ஆம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் 21 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், தோழியும் பர்மிய மொழி வேதாகமத்தில் கூடவே வாசிக்கட்டும்.